சோடியம் வாங்க மறுத்தது

உப்பளத் தொழிலாளி மாசாணமுத்து ஐம்பத்து நான்கு வயதில் எழுத்துக் கற்றவர். கற்றுக்கொடுத்த பாக்கியசீலி டீச்சர் அவரைவிட இருபத்தைந்து வயது இளையவர். டீச்சருக்குப் பகலில் அளத்தின் உப்பைச் சோதிக்கும் அறையில் வேலை, மாலையில் தொழிலாளிகளுக்குப் பள்ளி. சங்கத்தின் துண்டறிக்கை எதுவும் டீச்சரின் சிவப்புப் பென்சிலுக்குத் தப்பி அச்சுக்குப் போனதில்லை.

அன்று உச்சி வெயிலில் மாசாணமுத்து ஒரு தாளோடு வந்தார்.

"பிழை மட்டும் பாத்துத் தாங்க டீச்சர். சாயந்திரம் அச்சுக்குப் போகணும்."

டீச்சர் படித்தார். அளத்தின் இரண்டு சங்கங்களும் ஒன்றாகி மூன்று மாதம். ஒன்றாவதற்காகத் தன் தலைவர் பதவியை எதிர்ச் சங்கத்துத் துரைப்பழத்துக்குக் கொடுத்தவர் மாசாணமுத்து. அதைத் திருப்பித் தராவிட்டால் பிரிவோம் என்று எழுதியிருந்தார். திங்கட்கிழமை வேலைநிறுத்தம். இந்தத் தாள் வெளியே போனால் பாதிப் பேர் வேலைக்கு இறங்கிவிடுவார்கள். சங்கம் இரண்டாக இருந்த முப்பது வருடமும் உயர்ந்தது முதலாளிகளின் மாடிதான்.

"எழுத்துப் பிழை இல்ல அண்ணாச்சி."

"அடி வாங்கினவன் நான். ஜெயிலுக்குப் போனவன் நான். மாலை அவன் கழுத்துல. கொடுத்தவன் ஏமாளியா டீச்சர்?"

டீச்சர் தாளை மேசையில் விரித்து, அதன்மேல் ஒரு கை உப்பைக் கொட்டினார். பேட்டரியில் சிறு விளக்கொன்றைக் கோத்து, இரண்டு கம்பி முனைகளையும் உப்பில் குத்தினார்.

"எரியலையே."

"இதுல ரெண்டு பேர். சோடியம் தனியா இருந்தா, தண்ணி பட்டதும் தீப்பிடிக்கும். குளோரின் தனியா இருந்தா விஷப்புகை."

"இதையா சோத்துல போடுறோம்?"

"சோடியத்தோட வெளிவட்டத்துல ஒரே ஒரு எலெக்ட்ரான். குளோரினுக்கு ஒண்ணு குறை. அது கொடுத்தது, இது வாங்கிச்சு. கொடுத்தது பாசிட்டிவ், வாங்கினது நெகட்டிவ். அந்த இழுப்புலதான் சேர்ந்து நிக்குது."

"கொடுத்தவன் கை காலி."

"அந்த ஒண்ணுக்கு உள்பக்கம், எட்டு எலெக்ட்ரானும் நிறைஞ்ச வட்டம் இருக்கு. கொடுத்த பிறகு அதுதான் வெளிவட்டம்."

மாசாணமுத்து உப்பையே பார்த்தார். "கொடுக்காமச் சேர வழியே கிடையாதா?"

டீச்சர் ஒரு டம்ளர் மழைத்தண்ணீரில் சீனியைக் கலக்கினார்.

"உண்டு. சீனிக்குள்ள யாரும் யாருக்கும் கொடுக்கல. ஆளுக்கொரு எலெக்ட்ரானைப் பொதுவுல வச்சு, ரெண்டு பேரும் பிடிச்சுக்கிறாங்க. தண்ணியில கரைஞ்சாலும் அந்தப் பிடி விடாது."

கம்பிகளை முக்கினார். விளக்கு எரியவில்லை.

"இதுல மின்சாரத்தைச் சுமக்க ஆளில்ல," என்றார் டீச்சர். கம்பிகளை எடுத்துவிட்டு டம்ளரை நீட்டினார். "குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

குடித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நானும் துரைப்பழமும் இப்படிச் சேர மாட்டோம். ஒரே பெஞ்சுல உக்காந்தா பெஞ்சு ஒடிஞ்சிரும்."

டீச்சர் சிரித்தார். பாத்தியிலிருந்து சோதனைக்கு வந்திருந்த உப்புத்தண்ணீரில் கம்பிகளை முக்கினார்.

விளக்கு எரிந்தது.

மாசாணமுத்து எழுந்துவிட்டார். நாற்பது வருடம் கணுக்கால் வெடிக்க அவர் நின்ற தண்ணீர். கோயில் வாசலில்கூடச் செருப்பைக் கழற்றாதவர், கழற்றினார்.

"இதுக்குள்ளயா இருந்துச்சு?" என்றார்.

"காய்ஞ்ச உப்புல ரெண்டும் நகர முடியாது; தண்ணியில நகரும், அதுங்கதான் மின்சாரத்தைச் சுமக்குது."

இரண்டு முனைகளிலும் குமிழிகள் வந்தன.

"இந்த முனையை மோந்து பாருங்க."

"பிளீச்சிங் பவுடர்!"

"குளோரின். வாங்கினதைக் கம்பிகிட்ட விட்டுட்டு, பழைய விஷமா வெளிய வருது."

மாசாணமுத்துவின் முகம் மலர்ந்தது. "அப்போ கொடுத்தவனுக்குத் திரும்பக் கிடைச்சிருச்சு! அந்த முனையில பொங்குறது சோடியம்தானே?"

"இல்ல அண்ணாச்சி. அது தண்ணியிலிருந்து வர்ற ஹைட்ரஜன். பேட்டரி அங்க எலெக்ட்ரானை நீட்டிக்கிட்டேதான் இருக்கு. தண்ணி வாங்கிக்குது. சோடியம் வாங்கல."

"அது கொடுத்ததுதானே? கைக்குப் பக்கத்துல வந்தும் ஏன் வாங்க மாட்டேங்குது?"

டீச்சர் தாளின் மேலிருந்த உப்பைத் தட்டிவிட்டு, தாளை அவரிடம் நீட்டினார்.

"வாங்கினா, நிக்கிற தண்ணியிலேயே பத்தி எரியும்."