குப்புராஜ் தேர்ந்தெடுத்த ஸ்கோப்

"டீச்சர், எந்த ஸ்கோப் வாங்கலாம்னு சொல்லுங்க. இன்னைக்கே வாங்கணுமுங்க" என்றார் குப்புராஜ்.

வாசலிலேயே நின்று, ஒரு கையால் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"உக்காருங்கண்ணா" என்றார் மெஹருன்னிசா.

கோவை கணபதியில், ஒரு லேத் பட்டறையின் மேல்மாடியில் இருக்கிறது மெஹருன்னிசாவின் லேப். அளக்கிற கருவி சரியாக அளக்கிறதா என்று சோதித்துச் சொல்வது அவர் தொழில். கருவி எதையும் விற்பதில்லை. அதனாலேயே விற்கிறவர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது, வாங்குகிறவர்கள் அவரைக் கேட்காமல் வாங்குவதில்லை.

சனிக்கிழமைகளில் பட்டறைக்காரர்களுக்கு வகுப்பு எடுப்பார். அதில் முதல் வரிசை சீடர் குப்புராஜ். சீடருக்குத் தலை முழுக்க நரை. குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை.

வகுப்பில் அதிகம் கேள்வி கேட்பவர் குப்புராஜ்தான். பதில் முடிவதற்குள் அடுத்த கேள்விக்குப் போகிறவரும் அவர்தான். நல்ல மனிதர், ஆனால் காது கொஞ்சம் அவசரக் காது.

குப்புராஜ் உட்கார்ந்தார். கொண்டுவந்த பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இருக்கற ஸ்கோப்புக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலீங்க. நல்லாத்தான் இருக்குது. ஆனா பத்தல."

"எதுக்குப் பத்தல?"

"நிரூபிக்கறதுக்கு."

ஸ்கோப் என்றால் ஆஸிலோஸ்கோப். கம்பிக்குள் மின்சாரம் நேராகப் போகிறதா, துள்ளிக்கொண்டு போகிறதா என்று திரையில் கோடு போட்டுக் காட்டுகிற பெட்டி. அதை வைத்துப் பழுது பார்ப்பார்கள், புதியதை வடிவமைப்பார்கள். ஒருவர் தப்பு என்று நிரூபிப்பதற்காக அதை வாங்க வந்தவரை மெஹருன்னிசா அன்றுதான் பார்த்தார்.

"யாருக்கு நிரூபிக்கணும்?"

"ஜெசிந்தாவுக்கு."

ஜெசிந்தா அவர் கம்பெனியில் போர்டு வடிவமைப்பவள். போர்வெல் மோட்டாரை ஓட்டுகிற கன்ட்ரோல் போர்டுகள். கம்பெனி ஒரு கார் ஷெட்டில் இருந்த காலத்திலிருந்து கூட இருப்பவள்.

"புது போர்டு ஒண்ணு பண்ணிக் குடுத்துச்சு. அனுப்பறதுக்கு முன்னாடி ஒருதடவ நாமளும் பாத்துரலாம்னு நானே புரோப் வெச்சுப் பாத்தேனுங்க. அஞ்சு வோல்ட் கோடு நேரா நிக்க வேண்டாமுங்களா? முள்ளு முள்ளா நிக்குது."

"அப்புறம்?"

"மாத்திப் பண்ணச் சொன்னேன். பண்ணுச்சு. அதுலயும் முள்ளு. மறுபடி மாத்தச் சொன்னேன். மறுபடியும் முள்ளு."

"அப்புறம்?"

"எனக்குக் கோவம் வந்துருச்சு. கண்ணு தெரியலையான்னு கேட்டுட்டேன்."

"தனியாவா?"

"கம்பெனியே நின்னுட்டு இருந்துச்சுங்க."

மெஹருன்னிசா மேசையிலிருந்த ஃபிளாஸ்கை எடுத்தார்.

"அதுக்கு அது என்ன சொல்லுச்சு தெரியுங்களா? 'நீங்க புரோப் பிடிக்கற விதம் சரியில்ல சார்'ங்குது. அத்தன பேருக்கு முன்னாடி. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் புரோப் பிடிச்சவன்னு சொன்னேன்."

"அது உண்மையா?"

குப்புராஜ் கொஞ்சம் யோசித்தார். "கணக்குப் பாத்தா முன்னப் பின்ன வருமுங்க."

"சரி. அப்புறம்?"

"வேலைய விட்டுட்டுப் போறேன்னு எழுதிக் குடுத்துருச்சு. இன்னைக்குக் கடைசி நாள். ஓசூர்ல ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்குது. சாயங்காலம் கெளம்பிரும்."

"போகட்டும்னு இருக்கீங்களா?"

"அய்யோ, அது போனா கம்பெனில பாதி போயிருமுங்க." சொன்ன பிறகுதான் தன் குரல் கம்மிப்போனது அவருக்கே கேட்டது. "அதுக்குத்தானுங்க ஸ்கோப். நல்ல பெரிய ஸ்கோப்பா ஒண்ணு வாங்கிட்டுப் போயி, அதுலயும் முள்ளு நிக்கறதக் காட்டணும். தப்புன்னு ஒத்துக்கிச்சுன்னா, சரி போ, இங்கயே இருன்னு சொல்லிருவேன்."

இதைவிடப் பெருந்தன்மை என்ன வேண்டும் என்பதுபோல் கையை விரித்தார்.

மெஹருன்னிசா ஃபிளாஸ்கிலிருந்து இரண்டு குவளையில் டீ ஊற்றி, ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினார்.

"போர்டு கொண்டுவந்திருக்கீங்களா?"

"பைல இருக்குதுங்க."

மேசையில் போர்டை வைத்து மின்சாரம் கொடுத்தார்கள். சின்ன விளக்கு எரிந்தது.

லேப்பில் மூன்று ஸ்கோப்புகள் இருந்தன. மெஹருன்னிசா முதலில் பழைய பச்சைத் திரைப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"வெச்சுப் பாருங்கண்ணா."

குப்புராஜ் புரோபை எடுத்தார். புரோப் என்பது பேனா அளவில் ஒரு கோல். ஒரு நுனியில் ஊசி முனை. பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு வயர், அதன் கடைசியில் முதலை வாய் கிளிப். கிளிப்பை போர்டின் கிரவுண்டில், அதாவது பூஜ்ய வோல்ட் இருக்கிற இடத்தில், கவ்வ விட்டு, முனையைப் பார்க்க வேண்டிய இடத்தில் வைக்க வேண்டும். முனைக்கும் கிளிப்புக்கும் நடுவே இருக்கிற வித்தியாசத்தைத் திரை காட்டும்.

குப்புராஜ் கிளிப்பைக் கவ்வ விட்டார். முனையை அஞ்சு வோல்ட்டில் வைத்தார்.

பச்சைக் கோடு நேராக நின்றது.

"இது சும்மாங்க" என்றார் குப்புராஜ். "குருட்டு ஸ்கோப்பு."

இரண்டாவது ஸ்கோப், எல்லாப் பட்டறையிலும் இருப்பது. அதில் கோட்டின் மேல் சின்னச் சின்ன முட்கள் தெரிந்தன.

"இதுதானுங்க எங்ககிட்ட இருக்கறது. தெரியுது. ஆனா அடிச்சுச் சொல்ற தெம்பு இல்ல."

மூன்றாவதைத் திறக்க மெஹருன்னிசா துணி உறையை விலக்கினார். அகலத் திரை. ஐந்நூறு மெகாஹெர்ட்ஸ். கண் இமைப்பதற்குள் வந்து போகிறதைக்கூடப் பிடித்து நிறுத்திக் காட்டும்.

குப்புராஜ் முனையை வைத்தார்.

திரையின் பாதி உயரத்துக்கு முட்கள் எழுந்து நின்றன.

"பாத்தீங்களா!" குப்புராஜ் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "பாத்தீங்களா டீச்சர்! இதுதானுங்க ஸ்கோப்பு! இதையே வாங்கிக்கறேன். விலை என்னவா இருந்தாலும் சரி."

அவ்வளவு சந்தோஷத்தோடு ஒருவர் தன் சொந்த போர்டின் குறையைப் பார்த்து மெஹருன்னிசா பார்த்ததில்லை.

"ஏண்ணா இது?"

"உண்மையச் சொல்லுதுங்களே."

"அந்த ரெண்டும் பொய் சொல்லுச்சா?"

"மறைக்குதுங்க. ஒண்ணு முழுசா மறைக்குது, ஒண்ணு அரைகுறையா மறைக்குது."

"போர்டு நல்ல போர்டா இருந்திருந்தா, இந்த மூணுல எதை நல்ல ஸ்கோப்னு சொல்லியிருப்பீங்க?"

"நல்ல போர்டா இருந்தா நான் எதுக்குங்க இங்க வரேன்?"

மெஹருன்னிசா தலையாட்டினார். பதில் நியாயமாகத்தான் இருந்தது.

"சரிண்ணா. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணிரலாம். எந்த ஸ்கோப் வந்தாலும் நான் மொதல்ல பண்றதுதான்."

"பண்ணுங்க."

"நீங்களே பண்ணுங்க. முனையை அஞ்சு வோல்ட்லேருந்து எடுங்க."

"எடுத்துட்டேன்."

"கிளிப் அங்கேயே இருக்கட்டும். முனையைக் கொண்டுபோய் அந்த கிளிப் மேலேயே வைங்க."

குப்புராஜ் சிரித்தார். "அதுல என்னங்க வரும்? முனையும் கிளிப்பும் ஒட்டிக்கிட்டா வித்தியாசமே இல்லையே. செத்த கோடுதான் வரும்."

"வைங்க."

வைத்தார்.

முட்கள் அப்படியே நின்றன. அதே உயரம். அதே அடர்த்தி.

குப்புராஜ் திரையைப் பார்த்தார். முனையைப் பார்த்தார். எடுத்துச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அழுத்தி வைத்தார்.

முட்கள் நின்றன.

"ஸ்கோப்பு கெட்டுப்போச்சுங்களா?"

"இல்ல. நேத்துதான் சரி பார்த்தேன்."

"புரோப்பு?"

மெஹருன்னிசா வேறு புரோப் கொடுத்தார். அதிலும் முட்கள் நின்றன.

அவர் கை நீட்டி போர்டுக்குப் போகிற மின்சாரத்தை நிறுத்தினார். கோடு நேரானது. மறுபடி கொடுத்தார். முட்கள் எழுந்தன.

"போர்டுலதானுங்க இருக்குது!" என்றார் குப்புராஜ். ஆனால் அந்தச் சத்தத்தில் முன்பிருந்த பலம் இல்லை.

"எந்த இடத்துல? முனை எந்த இடத்தைத் தொட்டுக்கிட்டு இருக்கு?"

"கிளிப்பை."

"கிளிப்ல அஞ்சு வோல்ட் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப எதை அளக்கறீங்க?"

"ஒண்ணையும் அளக்கலீங்க."

"திரைல தெரியுதே. அது யாரோடது?"

குப்புராஜ் குனிந்து முனையைப் பார்த்தார்.

மெஹருன்னிசா ஒரு விரலால் அந்தக் கறுப்பு வயரைத் தூக்கினார். முனையிலிருந்து கிளிப் வரை தொட்டில் கயிறுபோல் தொங்கிய ஒரு சாண் வயர். விரல் மேலே போனபோது முட்கள் உயர்ந்தன. வயரைப் புரோபோடு சேர்த்து ஒட்டிப் பிடித்தபோது முட்கள் குட்டையாயின. விட்டதும் மறுபடி எழுந்தன.

போர்டில் இருக்கிற சுவிட்சுகள் படபடவென்று திறந்து மூடுகிறபோது சுற்றிலும் காற்றில் கொஞ்சம் இரைச்சல் இருக்கத்தான் செய்யும். அது எல்லா போர்டிலும் உண்டு. அதைப் பிடிக்க ஒரு வயர் வளையம் போதும்.

குப்புராஜ் சின்ன வயதில் ரேடியோ செய்தவர். அவருக்கு இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஏரியலாட்ட நிக்குதுங்களே" என்றார் மெதுவாக. "நாந்தான் ஏரியல் கட்டிட்டு நின்னுட்டிருக்கேன்."

முகம் சுண்டிப்போனது.

"இத வகுப்புல சொல்லியிருக்கீங்களா டீச்சர்?"

"சொல்லியிருக்கேன்."

"நான் இருந்தேனா?"

"இருந்தீங்க. கேள்வி கேட்டுட்டு இருந்தீங்க."

மெஹருன்னிசா இழுப்பறையைத் திறந்து சின்னதாக ஒரு ஸ்பிரிங்கை எடுத்து மேசையில் வைத்தார். மூக்குத்தித் திருகைவிடக் கொஞ்சம் பெரிது. கறுப்பு வயரைக் கழற்றிவிட்டு, முனைக்குப் பக்கத்திலேயே அதை மாட்டிக்கொண்டால் ஒரு சாண் வயர் வேலையை அது செய்யும். வளையமே இருக்காது. எந்தப் புரோப் வாங்கினாலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு அதையும் கொடுப்பார்கள். ஊரில் பாதிப் பேர் அந்தப் பையைப் பிரிப்பதே இல்லை.

குப்புராஜ் ஸ்பிரிங்கை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது ஜெசிந்தா மேசைல கெடந்துச்சுங்க. பை பிரிச்சு வெச்சிருந்துச்சு."

"ம்."

"மேசைய ஏம்மா குப்பையா வெச்சிருக்கேன்னு சொல்லி, நாந்தான் எடுத்துக் குப்பைக்கூடைல போட்டேன்."

மெஹருன்னிசா டீயைக் குடித்தார்.

குப்புராஜ் வயரைக் கழற்றினார். ஸ்பிரிங்கை மாட்டினார். முனையை அஞ்சு வோல்ட்டில் வைத்தார், ஸ்பிரிங்கின் காலைப் பக்கத்துக் கிரவுண்டில் ஊன்றினார்.

அந்தப் பெரிய ஸ்கோப்பின் அகலத் திரையில், ஐந்நூறு மெகாஹெர்ட்ஸ் கண்ணுக்கு முன்னால், ஜெசிந்தாவின் அஞ்சு வோல்ட் ஒரு பிசிறு இல்லாமல் நேராக நின்றது.

குப்புராஜ் வெகுநேரம் அதைப் பார்த்தார். இவ்வளவு அழகான கோட்டை அவர் பார்த்து நாளாகியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கண் கலங்கியது.

கீழே பட்டறையில் லேத் நின்றது. டீ நேரம் முடிந்து மாலை ஆகிக்கொண்டிருந்தது.

"அப்ப," என்றார், "எந்த ஸ்கோப்புதானுங்க வாங்கறது?"

மெஹருன்னிசா மேசையில் கிடந்த குப்புராஜின் ஃபோனை எடுத்து, டீக்குவளையைச் சுற்றிக் கொண்டுவந்து, அவர் முன்னால் வைத்தார்.

குப்புராஜ் அதைக் கொஞ்ச நேரம் தொடவில்லை. பிறகு எடுத்து ஜெசிந்தாவைக் கூப்பிட்டார். அவருக்கு ஸ்பீக்கரில் போட்டுப் பேசித்தான் பழக்கம்.

"சொல்லுங்க சார்" என்றது ஜெசிந்தாவின் குரல்.

"ஜெசிந்தா, டீச்சர் லேப்ல இருக்கேன். போர்டு சுத்தமா இருக்குதும்மா. ஒரு குறையும் இல்ல."

"தெரியும் சார்."

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தார். குரலில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

"பெரிய ஸ்கோப்புல போட்டுப் பாத்தோம். ஐந்நூறு மெகாஹெர்ட்ஸ். அதுலயும் சுத்தம்."

"சரிங்க சார்."

அந்தப் பக்கம் பையின் ஜிப்பை இழுக்கிற சத்தம் கேட்டது.

"டீச்சரும் பாத்தாங்க" என்றார் குப்புராஜ்.

"சார், அந்த போர்டுல எனக்குச் சந்தேகமே இருந்ததில்ல. நீங்க சொல்ல வேண்டியது வேற ஏதாவது இருக்கா?"

குப்புராஜ் மெஹருன்னிசாவைப் பார்த்தார். அவர் பெரிய ஸ்கோப்பை அணைத்து, உறையைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

"இருக்குதும்மா" என்றார் குப்புராஜ். எழுந்து செருப்பைத் தேடினார். "ஆனா உங்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாது. ஒருத்தரும் வீட்டுக்குப் போக வேண்டாம்னு சொல்லு. நான் வந்துட்டிருக்கேன்."