அரைத் தாளம் முந்தி

தூத்துக்குடியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் மெட்டில்டா மைக்குகளின் ஒலியைக் கூட்டிக் குறைத்துச் சேர்க்கிற மிக்சர் பார்த்துவந்தார். வயது முப்பத்து மூன்று. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூடப் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் ஊரில் பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். கேட்டால் சொல்லுவார். கேட்காததைச் சொல்ல மாட்டார்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் கபிரியேல். வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடமாக மெல்லிசைக் குழு நடத்துகிறவர். குழுவின் பாடகரும் அவரே. அந்த வயதில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு, தன்னைவிடச் சின்னவரிடம் பாடம் கேட்க உட்கார்ந்தது ஒரு பெட்டிக்காக.

பெட்டி என்றால் காலால் மிதிக்கிற ஹார்மனி பெடல். மைக்கையும் கிட்டாரையும் அதில் சொருகிவிட வேண்டும். கிட்டாரில் வாசிக்கிற சுரக்கூட்டைப் பிடித்துக்கொண்டு, பாடுகிறவர் குரலையே எடுத்து, மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று துணைக்குரல்களாக்கிக் கொடுக்கும். ஒருவர் பாடினால் நாலு பேர் பாடுகிற மாதிரி இருக்கும். அதை மிதிப்பதற்கென்றே கபிரியேல் கறுப்பு ஷூ வாங்கியிருந்தார். பாடத்துக்கும் அந்த ஷூவோடுதான் வருவார்.

பெடல் வருவதற்கு முன் துணைக்குரல் பாடியவள் பிரகாசி. வீட்டில் தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறவள். பதினோரு வருடம் கபிரியேலின் இடப்பக்கம் நின்று பாடினாள். அவளிடம் அவர் கண்ட குறை ஒன்றே ஒன்று. சில இடங்களில் அரைத் தாளம் முந்திக்கொண்டு வந்துவிடுவாள். முந்திரிக்கொட்டை என்று எத்தனையோ தடவை வாத்தியக்காரர்கள் முன்னாலேயே திட்டியிருக்கிறார். அவள் எதிர்த்துப் பேசினதும் இல்லை, திருத்திக்கொண்டதும் இல்லை.

பெடல் முந்தாது. அது வந்த மறுநாளே பிரகாசிக்குப் போன் போட்டு, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"சரிண்ணே," என்றாள். அவ்வளவுதான்.

முதல் மாதம் நடந்த கூத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு கல்யாண வரவேற்பில் பாட்டு முடிந்ததும் பெடலை அணைக்க மறந்துவிட்டு, "மணமகளின் தாய்மாமன் உடனே மேடைக்கு வரவும்" என்று அறிவித்தார். நாலு குரல் சேர்ந்து கூப்பிட்டது. தாய்மாமன் என்னவோ ஏதோ என்று பதறி, பந்தியிலிருந்து எச்சில் கையோடு ஓடிவந்தார்.

"என்ன செய்யணும் டீச்சர்?" என்று வந்து கேட்டார் கபிரியேல்.

"பாட்டு முடிஞ்சதும் இன்னொரு மிதி."

அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"பெடல்ல கோளாறு டீச்சர். நேத்து மேடையில ரெண்டாவது சரணத்துல மூணு கொரலும் நின்னுட்டு."

"நீங்க?"

"நானும் நின்னேன்." கொஞ்சம் யோசித்தார். "அதுக நின்னதால நின்னேன்."

டீச்சர் மிக்சரைப் போட்டார்.

"வார சனிக்கிழம மாதா கோயில் திருவிழா. பத்தொம்பது வருசமா நான் நிக்குத மேடை. சொந்த ஊரு முன்னால இப்படி நின்னுட்டேன்னா, அதுக்கப்புறம் என்னைய எவன் கூப்பிடுவான்? செட்டிங்கைச் சரிபண்ணித் தாங்க."

"அதே பாட்டைப் பாடுங்க."

டீச்சரே கிட்டாரை எடுத்துப் பெடலில் சொருகிக்கொண்டார். கபிரியேல் பாடினார். இரண்டாவது சரணம் வரவேண்டிய இடத்தில் வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். டீச்சர் கிட்டாரை நிறுத்தவில்லை. கபிரியேல் பல்லவியில் வந்து ஒட்டிக்கொண்டார்.

பாடினது பதிவாகியிருந்தது. டீச்சர் கபிரியேலின் குரலை அணைத்துவிட்டு, பெடல் கொடுத்த மூன்று குரல்களை மட்டும் ஸ்பீக்கரில் விட்டார்.

கபிரியேல் மூச்சு வாங்கின இடத்தில் மூன்றும் மூச்சு வாங்கின. அவருக்குத் தொண்டை கமறின இடத்தில் மூன்றும் கமறின. மழையை அவர் 'மளை' என்பார். மூன்றும் 'மளை' என்றன. கபிரியேலுக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டாவது சரணம் வந்தது. ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் ஓடியது. சரணம் முழுக்க ஓடும்வரை டீச்சர் அதை நிறுத்தவில்லை.

"பெடல்ல கோளாறு இல்லண்ணே."

கபிரியேல் ஷூவைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"வரி மறக்குது டீச்சர்."

பெண்டாட்டியிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் கண் நிறைந்துவிட்டது. இருபது வருடம் மேடையில் நின்றவருக்கு வரி மறப்பதைவிடப் பெரிய பயம் வேறு இல்லை.

"எத்தன நாளா?"

"இந்தப் பெடல் வந்ததுல இருந்துதான். கால்லயும் கவனம் வேணும், பாட்டுலயும் கவனம் வேணும். ரெண்டு தோணியில கால் வச்ச கதையால்லா இருக்கு. அதுக்கு முன்னால ஒரு வரி மறந்திருக்குமா? நீங்களே சொல்லுங்க."

டீச்சர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். போன வருடத் திருவிழாக் கச்சேரி, ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் பதிந்து கிடந்தது. ஒரே ஒரு மைக்கை மட்டும் திறந்தார்.

அதே பாட்டில் பிரகாசியின் குரல். பக்கத்தில் வேறு எதுவும் இல்லாமல் அந்தக் குரலைக் கபிரியேல் பதினோரு வருடத்தில் கேட்டதே இல்லை. தாழ்ந்து, தணிந்து, துணைக்குரலாகவே போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது சரணத்துக்கு அரைத் தாளம் இருக்கும்போது, துணைக்குரலை விட்டுவிட்டு, சரணத்தின் முதல் இரண்டு சொல்லைக் கொஞ்சம் அழுத்திப் பாடினாள். மறுபடி இறங்கித் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

"பாத்தியளா, அவ முந்துதா," என்றார் கபிரியேல். பழக்கதோஷம்.

டீச்சர் அதே இடத்துக்குத் திரும்பப் போய், இப்போது கபிரியேலின் மைக்கையும் திறந்தார்.

அவர் மூச்சை இழுப்பது கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. பிரகாசியின் இரண்டு சொல். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அவர் குரல் கணீரென்று எழுந்தது. கீழே கூட்டம் கைதட்டியது.

"இன்னொரு தடவை போடுங்க."

டீச்சர் போட்டார். பிறகு அடுத்த பாட்டு. அதில் பிரகாசி எங்கேயும் முந்தவில்லை. கபிரியேலும் எங்கேயும் தடுமாறவில்லை. அதற்கடுத்த பாட்டில் அவர் மூச்சை இழுத்துவிட்டு நின்ற இடம் ஒன்று வந்தது. அவள் அரைத் தாளம் முந்தினாள். கச்சேரி முடியும்வரை கபிரியேல் விரல்விட்டு எண்ணினார். ஏழு இடம். ஏழிலும் முதலில் அவள், பிறகு அவர்.

கச்சேரி முடிந்து பதிவில் மேடைப் பேச்சு கேட்டது. கபிரியேலின் குரல்தான். "ஏன் பிரகாசி, ஒனக்குத் தாளம் எண்ணத் தெரியாதா?"

அவள் குரல். "இனிமே பாத்துக்கிடுதேண்ணே."

டீச்சர் மைக்குகளை ஒவ்வொன்றாக மூடினார்.

கபிரியேல் கேட்டார். "இத அப்பவே சொல்லியிருக்கலாம்லா டீச்சர்?"

"நீங்க பெடலப் பத்தித்தான் கேட்டிய."

கபிரியேல் குனிந்து அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு பொத்தானையும் தடவினார்.

"இதுல, நான் நின்னா அது பாடுத மாதிரி ஏதாவது..."

"கெடயாது."

"அப்ப சனிக்கிழமைக்கு நான் எத மிதிக்க?"

டீச்சர் பெடலின் வயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்தார்.

"மிதிக்கதுக்கு ஒண்ணுமில்லண்ணே. அந்த ஷூவக் கழட்டி பிரகாசி வாசல்ல போட்டுட்டு, உள்ள போங்க."