சாவடியில் நின்ற சாமி

சேலாற்றுக்கு இந்தப் பக்கம் தென்கரை நாடு, அந்தப் பக்கம் வடகரை நாடு. ராஜாக்கள்தான் வேறு வேறு. பெண் கொடுப்பது, பெண் எடுப்பது, தயிர் விற்பது, வாய்ச்சண்டை போடுவது எல்லாம் இரு கரைக்கும் பொது.

தென்கரை ராஜா செண்பகமாறன் நல்லவர். ஆனால் காதில் யார் எதைப் போட்டாலும் நம்புவார். அமைச்சர் கடம்பனார் போட்டார்.

"அக்கரையிலிருந்து யார் யாரோ வர்றாங்க மகாராஜா. யார், எவர்னே தெரியல."

அவ்வளவுதான். மறுநாள் விடியும்போதே பரிசல் துறையில் ஒரு சாவடி முளைத்துவிட்டது. ஆற்றைத் தாண்டி வருகிறவர்கள் தகப்பன் பேரும் பிறந்த ஊரும் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் கொட்டடி. பிறந்தது வேற்று நாடு என்றால் வந்த வழியே திரும்ப வேண்டும். தென்கரையின் மருமகள்களில் பாதிப் பேர் அக்கரையில் பிறந்தவர்கள்; அன்று ஆற்றுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

முதலில் வந்த ஒரு திருடன், தகப்பன் பேரையும் ஊரையும் கணீரென்று சொல்லிவிட்டுக் கம்பீரமாக உள்ளே போனான். அடுத்து வந்தவள் சிலம்பாயி. விடியும் முன்பே அக்கரைக்குப் போய்த் தயிர் விற்றுவிட்டுக் காலிப் பானையோடு திரும்பியவள்.

"தகப்பன் பேரு?"

"தெரியாதுங்க. வெள்ளத்துல கூடையோட மிதந்து வந்தேனாம். பரிசல்காரங்கதான் எடுத்து வளர்த்தாங்க."

"பிறந்த ஊரு?"

"அந்தக் கூடைக்குத்தான் தெரியும்."

அவளைக் கொட்டடியில் அடைத்தார்கள். வெளியே அவள் புருஷன் கைக்குழந்தையோடு நின்றான். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை. ஆட்டுப்பாலைப் புகட்டினால் துப்பியது. அது போட்ட கூச்சலில் ஆற்றங்கரையே அதிர்ந்தது.

அந்தக் கூச்சல் அரசவை விகடகவி மயிலேறியின் காதில் விழுந்தது. விழுந்தடித்துக்கொண்டு அரண்மனைக்கு ஓடினான்.

"மகாராஜா, பாவம், அவளை விட்டுடுங்க."

"ஒருத்திக்காகச் சட்டத்தை வளைக்க முடியாது மயிலேறி. யாரா இருந்தாலும் ஒண்ணுதான்."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்!"

"நல்லது. இன்னைக்கு ஒரு நாள் சாவடிக் காவலை என்கிட்ட கொடுங்க. எனக்கும் சட்டம் பழகணும்."

ராஜா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அன்று தீர்த்தவாரி என்பது அவர் நினைவில் இருக்கத்தான் செய்தது. அதைச் சட்டத்தோடு சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

தென்கரைச் சிவன் கோயில் வழக்கம் இது. வருஷத்துக்கு ஒரு நாள் சாமியும் அம்மனும் பரிசலேறி அக்கரைப் படித்துறையில் தீர்த்தமாடித் திரும்புவார்கள். அவர்கள் கோயிலுக்குள் நுழையும்வரை ஊரில் யாரும் சாப்பிடக் கூடாது. ராஜாவுக்கும் அதேதான்.

உச்சிவெயில். மேளம், நாகசுரம், வேட்டுச் சத்தம். ராஜா பூரண கும்பத்தோடும் பசித்த வயிற்றோடும் கரையில் காத்திருந்தார்; கூடவே கடம்பனாரும். சாமியும் அம்மனும் பரிசலிலிருந்து இறங்கி ஏறிய பல்லக்கு சாவடிக்கு வந்தது. மயிலேறி தடிக்கம்பைக் குறுக்கே நீட்டினான்.

"நில்லுங்க! எங்கேருந்து வர்றீங்க?"

பல்லக்கோடு வந்த சபேச குருக்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஓய், கண் தெரியலையா? சுவாமி ஓய்!"

"தெரியுது. தகப்பன் பேரு?"

"அபசாரம்! அவருக்கு ஏது ஓய் தகப்பனார்?"

"சரி, பிறந்த ஊரு?"

"பிறந்தாத்தானே ஊர்!"

"ரெண்டும் இல்லையா? இவரைக் கொட்டடிக்குக் கொண்டு போங்க. அம்மாவுக்கு?"

குருக்கள் சற்றுத் தெம்பானார். "அம்பாளுக்குத் தகப்பனார் உண்டு. பர்வதராஜன். இமயமலை."

"அடடா, வேற்று நாடு! திருப்பி அனுப்பணுமே. கடம்பனாரே, இமயமலை வரைக்கும் பல்லக்குத் தூக்க ஆள் கிடைக்குமா?"

கடம்பனார் பக்கத்திலிருந்த தூணுக்குப் பின்னால் நகர்ந்தார். மேளம் நின்றுவிட்டது. பல்லக்கைச் சுமந்த சீர்பாதம் தாங்கிகள் தோள் மாற்றிக்கொண்டு முனகினார்கள். ராஜாவின் வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி கத்தியது.

"மயிலேறி!" ராஜா பாய்ந்து வந்தார். "பைத்தியமா உனக்கு? வழியை விடு!"

"யாரா இருந்தாலும் ஒண்ணுதான்னு நீங்கதானே சொன்னீங்க மகாராஜா. இவர் யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்டா! எங்க ஊர்ச் சாமி! பிறந்ததுலேருந்து பார்க்கிறேன். இவர் திரும்பி வரணும்னு ஊரே பட்டினியா நிக்குது. இதுக்கு மேல என்ன அடையாளம் வேணும்?"

மயிலேறி தடிக்கம்பைக் கீழே போட்டான்.

"வேண்டாம் மகாராஜா. இது போதும். உள்ளே ஒருத்தி இருக்கா. அவளுக்கும் தகப்பன் பேர் தெரியாது, பிறந்த ஊர் தெரியாது. அவ திரும்பி வரணும்னு இங்கேயும் ஒருத்தர் பட்டினியா இருக்கார்."

அவன் கை காட்டிய இடத்தில், அழுது அழுது தொண்டை கட்டிப்போன குழந்தை தகப்பன் தோளில் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

ராஜா தானே போய்க் கொட்டடியைத் திறந்தார். சிலம்பாயி ஓடி வந்து பிள்ளையை வாங்கி முந்தானைக்குள் அணைத்துக்கொண்டாள். பிள்ளை விரலை விட்டுவிட்டுப் பால் குடிக்கத் தொடங்கியது.

"இனிமே இந்தக் கரையில ஒருத்தர், 'இவங்க எங்க ஆளு'ன்னு சொன்னா போதும்," என்றார் ராஜா. "உள்ளே விட்டுடணும். கடம்பனாரே, அக்கரையில பிறந்த மருமகள்கள் வீட்டுக்கெல்லாம் நீரே நடந்துபோய் இதைச் சொல்லிட்டு வாரும். சாப்பாடு அப்புறம்."

சாமி கோயிலுக்குள் போனார். பந்தியில் மயிலேறியைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, தன் கழுத்து முத்துமாலையை அவனுக்குப் போட்டுவிட்டு ராஜா மெல்லக் கேட்டார்.

"அதிருக்கட்டும், சாமியவே மறிச்சியே, அவர் கோபிச்சுக்குவார்னு பயமா இல்லையா?"

"எதுக்குக் கோபம் மகாராஜா? இத்தனை வருஷமா அவர்கிட்ட வர்றவங்க எல்லாரும் 'எனக்கு என்ன தருவே'ன்னுதான் கேட்கிறாங்க. 'ஐயா, நீங்க எந்த ஊரு?'ன்னு விசாரிச்சது நான் ஒருத்தன்தானே!"

ராஜா சிரித்த சிரிப்பில் இலையிலிருந்த பாயசம் பக்கத்து இலைக்குப் போனது.