பின்னால் வந்து நின்ற அலைவெண்

மீன்பிடிப் படகுகளுக்கு வயர்லெஸ் கருவி செய்யும் கூடம் அது. வசுமதிதான் அங்கே ஆசிரியர். அவரிடம் வேலை கற்றவர்களில் அருளப்பன் மூத்தவர். வசுமதியைவிடவும் வயதில் மூத்தவர். கடைசியாக வந்து சேர்ந்தவன் சாதிக்.

இருவருக்கும் ஒரே வேலை. கட்டளை வந்ததும் ஓர் அலைவெண்ணிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, அங்கே ஆடாமல் நிற்கும் சிந்தசைசர் என்ற மின்சுற்று ஒன்றைச் செய்ய வேண்டும். எது விரைவில் நிற்கிறதோ அது கருவிக்குள் போகும். மறுநாள் தேர்வு.

சாதிக்கின் போர்டு தாவியது, சற்றே ஆடியது, நின்றது. அருளப்பனுடையது அதற்குப் பிறகுதான் நின்றது. மின்தேக்கியை மாற்றினார். மின்தடையை மாற்றினார். எதை மாற்றினாலும் அவனுடையதற்குப் பிறகுதான்.

"அண்ணே, உங்க போர்டுக்கு மரியாதை தெரியுது. என்னோடதை முன்னால விட்டுட்டு வருது" என்றான் சாதிக்.

கூடமே சிரித்தது. அருளப்பனும் சிரித்தார். அன்று மதியம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாதிக் விசிலடித்தபடி சால்டர் வைப்பதுகூடக் காதில் குத்தியது.

மாலையில் வசுமதியிடம் போனார். பையனுக்கு நல்ல பாகங்கள் வாய்த்துவிட்டன, அவனுக்கு இதன் அருமையே தெரியாது என்றெல்லாம் சொன்னார். பிறகுதான் கேட்க வந்ததைக் கேட்டார்.

"என்னோடது ஏன் மேடம் எப்பவும் பின்னாலயே வருது?"

வசுமதி அருளப்பனின் மேசைக்கு வந்தார்.

சிந்தசைசர் ஒவ்வொன்றிலும் ஒரு படிகம் இருக்கும். அதன் மாறாத துடிப்போடு தன்னை ஒப்பிட்டுத்தான் அது தன் அலைவெண்ணைச் சரிசெய்துகொள்ளும். அருளப்பனின் போர்டில் படிகத்தின் இடம் காலியாக இருந்தது. அங்கிருந்து ஓர் ஒயர் சாதிக்கின் மேசைக்குப் போயிற்று.

"படிகம் எங்கே?"

டிராயரில் இருப்பதாக அருளப்பன் சொன்னார். அவனுடையதற்கும் தன்னுடையதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்துக்கொண்டே இருக்க, தன் படிகத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்துக்கு அவன் போர்டிலிருந்து ஒயர் இழுத்தாராம். அன்றிலிருந்து அப்படியே விட்டுவிட்டாராம்.

வசுமதி சாதிக்கின் போர்டை அணைத்தார்.

அலைவெண்ணைக் காட்டும் கருவியின் திரையில் அருளப்பனின் கோடு பிடி விட்டு நழுவியது. எங்கும் நிற்காமல் அலைந்தது.

"அவனோடதை எதுக்கு அணைச்சீங்க மேடம்? என்னோடதைத்தானே பார்க்கணும்."

"உங்களோடதைத்தான் பார்க்கிறோம்" என்றார் வசுமதி.