செம்பருத்தி அடியில் ஒரு பிடி நொய்

சொக்கநாதனுக்குக் காலையிலிருந்தே மனசு ஆறவில்லை. ஆறுகிற விஷயமா அது?

பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருஷம் அடங்கியிருந்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுமாதமே சிறுமலை அடிவாரத்தில் இருந்த அந்த மடத்துக்குச் சீடராக வந்தவர். மடத்தின் தலைவி பூரணி அம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அம்மா அவரிடம் ஒப்படைத்திருந்தது நந்தவனம்.

அதில் அரளி உண்டு, நந்தியாவட்டை உண்டு, ஒரு மகிழமரமும் உண்டு. ஆனால் மடத்தின் உயிர், பழைய குருவின் சமாதியைச் சுற்றி நின்ற செம்பருத்திகள்தான். குரு தன் கையால் வைத்த செடிகள். இப்போது அவற்றில் பாதிக்கு மேல் இலை சுருண்டுவிட்டது. மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. கணுவுக்குக் கணு பஞ்சைப் பிய்த்து ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி.

தோட்ட வேலைக்கு இருந்தவர் பெரியாண்டி. மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளோடு மடத்துப் பின்கட்டிலேயே குடியிருந்தார். சொக்கநாதன் அவரை முன்னால் நடக்கவிட்டு, நேரே அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார்.

“இந்த ஆளை அனுப்பிடுங்கம்மா. இல்லேன்னா நான் போயிடுறேன்.”

“என்ன பண்ணினார்?”

“பண்ணாததைக் கேளுங்க. வேப்பெண்ணெயும் சோப்பும் கரைச்சு வாரம் ரெண்டு தடவை அடிக்கச் சொன்னேன். அடிச்சிருந்தா பூச்சி இருக்குமா? கோரையை வேரோட எடுக்கச் சொன்னேன். தலையைக் கிள்ளிட்டுப் போறான், மறுவாரமே எட்டிப் பாக்குது. குரு வெச்ச செடிம்மா. கண்ணு முன்னாடி சாகுது. எனக்கு வயிறு எரியுது.”

பெரியாண்டி தோளில் தெளிப்பானோடு நின்றார். “அடிக்கிறேன் சார். அடிச்ச நாலாம் நாளே புதுசா ஏறுது. எறும்புதான் சார் தூக்கிட்டு…”

“பாத்தீங்களா? வாயில்லா ஜீவன் மேல பழியப் போடுறான்.”

எறும்பைச் சொன்னால் சொக்கநாதனுக்குப் பொறுக்காது. காரணம் இருந்தது. தினமும் காலை எட்டு மணிக்கு, சமாதியைச் சுற்ற ஆட்கள் வரும் நேரத்தில், செம்பருத்தியின் அடியில் எறும்புகளுக்கு ஒரு பிடி நொய் தூவுவார். எந்த உயிரும் பசித்திருக்கக் கூடாது என்பது அவர் எடுத்துக்கொண்ட விரதம். வந்த முதல் மாதம் கொல்லைப்புறத்தில்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் அதைப் பார்த்த ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாளிலிருந்து நொய் சமாதிப் பக்கம் வந்துவிட்டது. ஏன் வந்தது என்று அவர் யோசித்ததில்லை.

“எட்டாகப் போகுது. நொய் போட்டீங்களா?” என்றார் அம்மா.

“இனிமேதான்மா.”

“போடுங்க. நானும் வர்றேன். பெரியாண்டி, நீங்களும் வாங்க.”

செம்பருத்தி அடிக்குப் போனதும் சொக்கநாதன் நொய் டப்பாவைத் திறந்து தூவினார். கண்மூடித் திறப்பதற்குள் எறும்புகள் மொய்த்தன.

“ஒரே ஒரு குருணையைப் பாருங்க. அது எங்கே போகுதோ, கூடவே போங்க,” என்றார் அம்மா.

அவர் குனிந்தார். பிறகு உட்கார்ந்தார். பிறகு வேட்டி அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் மண்டியிட்டார். குருணை ஆடி ஆடிப் போய், மூன்றாவது செடியின் தூரில் இருந்த பொந்துக்குள் இறங்கியது.

“உள்ளே போயிடுச்சும்மா.”

“வெளியே வர்றதைப் பாருங்க.”

அதே பொந்திலிருந்து ஒரு எறும்புச் சாரை புறப்பட்டுத் தண்டில் ஏறிக்கொண்டிருந்தது. போன எறும்புகள் மாவுப்பூச்சிகளைச் சுற்றி நின்று, அவை கசியவிட்ட இனிப்பை உறிஞ்சின. ஒரு எறும்பு வெள்ளையாக, எள்ளைவிடச் சின்னதாக எதையோ கவ்விக்கொண்டு மேலே போயிற்று. பூச்சி இல்லாத இளங்கொழுந்தில் அதை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பியது. அது மாவுப்பூச்சிக் குஞ்சு. மேய்ச்சலுக்கு ஆடு ஓட்டுகிறவன்கூட இத்தனை அக்கறையாகச் செய்ய மாட்டான்.

சொக்கநாதன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது முகம் சிவந்திருந்தது.

“துரோகம்மா இது. என் கையால தின்னுட்டு என் செடியையே…” சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “யாரங்கே, ஒரு அண்டா வெந்நீர் கொண்டு வாங்க. பொந்துல ஊத்தி அத்தனையையும் ஒழிச்சாத்தான் எனக்கு ஆறும்.”

“வேர் வெந்துடும் சார்,” என்றார் பெரியாண்டி மெதுவாக.

அம்மாவின் முகம் மாறியதைச் சொக்கநாதன் அப்போதுதான் கண்டார். இரண்டு வருஷத்தில் அவர் பார்த்திராத கோபம்.

“அரை மணிக்கு முன்னாடி இவரை வீட்டை விட்டு அனுப்பச் சொன்னீங்க. இப்போ எறும்பை வேகவைக்கச் சொல்றீங்க. டப்பா யார் கையிலே இருக்கு?”

அவர் டப்பாவைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெந்நீர் வேண்டாம் என்று கையால் சைகை காட்டினார். பெரியாண்டியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவமானமாக இருந்தது. அவமானத்தின் ஓரத்தில் கொஞ்சம் கோபமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அப்போ எறும்புக்குப் போடுறதே தப்பாம்மா? என் விரதம்…”

“தப்பே இல்லை. நாளைக்கும் போடுங்க.”

“எங்கேம்மா?”

“கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம். பெரியாண்டி தோண்டி எடுத்த கோரைக்கிழங்கு இடுப்பு உயரத்துக்குக் காய்ஞ்சு கிடக்கும். அது பக்கத்திலே போடுங்க. அங்கே யாரும் பார்க்க மாட்டாங்க.”