கடைசி ஆட்டம் வாங்கியவர்

மலைமேல் இருந்த ஒரு டென்னிஸ் கிளப்பில், ஆள் உயிரோடு இருக்கும்போதே அவருக்குக் கடைசி ஆட்டம் கொடுத்துவிட்டார்கள். அவர் பேர் சற்குணம். பஜாரில் டயர் கடை வைத்திருந்தார்.

கடைசி ஆட்டம் என்பது அந்தக் கிளப்பின் வழக்கம். உறுப்பினர் ஒருவர் போய்விட்டார் என்று சேதி வந்தால், மறுநாள் காலை பனிமூட்டம் கலைவதற்குள் எல்லாரும் செம்மண் கோர்ட்டைச் சுற்றி நிற்பார்கள். போனவரோடு எப்போதும் ஆடுகிறவர், போனவருடைய மட்டையை எடுத்து, ஆளில்லாத எதிர்ப்பக்கத்துக்குப் பந்து போடுவார். பந்து கோட்டுக்குள்ளும் விழும், வேலி தாண்டித் தேயிலைக்குள்ளும் போகும். எங்கே விழுந்தாலும் சுற்றி நிற்பவர்கள் ஒரே குரலில் "உள்ளே" என்பார்கள்.

போனவரோடு பாயிண்டுக்குச் சண்டை போடக் கூடாது. போட்டால், போட்டவரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று ஒரு பேச்சு. எல்லாரும் படித்தவர்கள்தான். ஆனாலும் யாரும் போட்டுப் பார்த்ததில்லை.

மேட்டுப்பாளையத்துக்கு டயர் எடுக்கப் போன சற்குணத்தின் ஜீப், கொண்டை ஊசி வளைவில் உருண்டுவிட்டது. ஜீப் பள்ளத்தில் கிடக்கிறது, ஆளைக் காணோம் என்று போன் வந்தது. கிளப் செக்ரட்டரி ஸ்டீபன் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. அழுதுகொண்டே செய்திப் பலகையில் எழுதிவிட்டார்.

மறுநாள், சற்குணத்தோடு எப்போதும் ஆடுகிற போஜன்தான் ஆடினார். வேலியோரம் நின்றவர்கள் "உள்ளே, உள்ளே" என்று சொல்லி முடித்தார்கள். ஸ்டீபன் நாலு நல்ல வார்த்தை பேச வாயைத் திறந்தார்.

அப்போது பனிக்குள்ளிருந்து சற்குணம் நடந்து வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி.

கூட்டத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். போஜன் பக்கத்தில் போய் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாருக்குய்யா?"

போஜன் கையிலிருந்த மட்டையை அவரிடம் நீட்டினார். அது தன்னுடைய மட்டை என்று தெரிய சற்குணத்துக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அப்புறம் சிரித்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், டீக்கடையில் இருந்த வடை எல்லாம் தீர்ந்தது. ஒரு பால் வண்டிக்காரர் தன்னை ஏற்றிக்கொண்டு போய்க் கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்ததை சற்குணம் திரும்பத் திரும்பச் சொன்னார். ஸ்டீபன் பலகையைத் துடைத்தார். விஷயம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அடுத்த நாள் சற்குணம் போஜனோடு ஆட இறங்கினார். அவர்கள் இரண்டு பேரும் ஆடினால், பந்து அடித்த நேரத்தைவிடக் கோட்டருகே குனிந்து நின்று கத்திய நேரம்தான் அதிகமாக இருக்கும். சற்குணம் அடித்த பந்து ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தது. இதோ கத்தப் போகிறான் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"உள்ளே," என்றார் போஜன்.

"என்னய்யா, கண்ணாடி போடலையா?"

"உள்ளதான் சற்குணம்."

அடுத்த பந்தைச் சற்குணம் வேண்டுமென்றே வேலிக்கு மேலே தேயிலைக்குள் அடித்தார்.

"உள்ளே," என்றார் போஜன். பனிக்குள் நின்றிருந்த மற்றவர்களும் சேர்ந்து சொன்னார்கள். ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. "உள்ளே."

இப்படியே கிளப் கோப்பைப் போட்டியில் ஒவ்வொருவராக ஜெயித்துக்கொண்டு வந்தார். அந்தக் கோப்பைக்காக இருபது வருஷம் ஏங்கிய மனுஷன். அரையிறுதியைத் தாண்டியதே இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை போஜனோடு இறுதி ஆட்டம். தூக்கம்தான் வரவில்லை.

கோர்ட்டில் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. ஒருநாள் நல்ல மழையில் கிளப் வாசலில் நின்றுகொண்டு, "இந்த வருஷம் மழையே பெய்யல, பாத்தியா ஸ்டீபா?" என்று சொல்லிப் பார்த்தார்.

"ஆமா சற்குணம்," என்றார் ஸ்டீபன், தன் குடையை அவர் பக்கம் சாய்த்து.

சற்குணத்தின் மனைவி, மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போயிருந்தார். அன்று சாயந்திரம் போன் செய்தார். "ஹலோ... யாருங்க? ஹலோ... ஒண்ணுமே கேக்கலியே," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மலையில் இதெல்லாம் தினமும் நடக்கிறதுதான். அன்றைக்கு மட்டும் சற்குணம் ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விடிந்ததும் கோச்சம்மாவைத் தேடிப் போனார்.

கோச்சம்மா என்பது மெஹ்ருன்னிசா. கிளப்பில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறவர். சற்குணத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். ஆனாலும் சற்குணம் அவரிடம்தான் வருஷக்கணக்காக பேக்ஹேண்ட் கற்றுக்கொண்டிருந்தார். அவர் எதிரே உட்கார்ந்து பேசியதில்லை.

"கோச்சம்மா, ஒண்ணு கேக்கணும்."

"பேக்ஹேண்டா?"

"இல்ல. நான் இருக்கேனா?"

கோச்சம்மா பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தார்.

"பள்ளத்துலேருந்து ரோட்டுக்கு ஏறி வந்தது ஞாபகம் இருக்கு. ஜீப் கதவத் தொறந்தது ஞாபகம் இல்ல. எவ்வளவு யோசிச்சாலும் வர மாட்டேங்குது. எப்படி வெளிய வந்தேன்?"

"பசிக்குதா?"

"நல்லாப் பசிக்குது."

"அப்புறம் என்ன சார்?"

"செத்தவங்களுக்குப் பசிக்காதா? வருஷா வருஷம் எங்கப்பாவுக்கு இலை போட்டுச் சோறு வைக்கிறேனே. பசிக்காமலா?"

"எங்க வீட்ல வைக்கிறதில்ல. எனக்குத் தெரியாது."

சற்குணம் ஒரு எட்டு கிட்டே வந்தார்.

"எனக்குக் கடைசி ஆட்டம் ஆடின அன்னைக்கு நீங்களும் 'உள்ளே' சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"ஞாயித்துக்கிழமை கோப்பையக் கையில குடுத்துருவாங்க. அத வாங்கிட்டேன்னா அவ்வளவுதான்னு தோணுது. அதுக்கப்புறம் யாரும் என்னை இருக்கிறவங்களோட திரும்பச் சேத்துக்க மாட்டாங்க."

"வேணாம்னு சொல்லிடுங்க."

"சொன்னேன். அதுக்கும் 'ஆமா சற்குணம்'ங்கிறாங்க."

கோச்சம்மா கூடையைக் கீழே வைத்தார்.

"மட்டைய எடுத்துட்டு வாங்க."

பனி இறங்கிக்கொண்டிருந்தது. டீக்கடையில் நின்ற போஜனும் ஸ்டீபனும் கண்ணாடிக் கிளாஸோடு வேலியோரம் வந்து நின்றார்கள்.

கோச்சம்மா எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டில் நின்றபோது ஆள் சரியாகத் தெரியவில்லை. பந்து மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. சற்குணம் ஓடினார். மூச்சு வாங்கியது. எந்தப் பந்தையும் விடவில்லை. அப்புறம் கோச்சம்மா மெல்ல மெல்ல முன்னேறி வலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். அடுத்த பந்து சற்குணத்தின் இடது பக்கம் வந்தது.

அவர் அடித்தார். வாழ்க்கையில் ஒரு தடவை விழுகிற அடி. பந்து கோச்சம்மாவின் தோளைத் தாண்டிப் பாய்ந்து, பின்னால் கோட்டோரம் பொத்தென்று விழுந்தது.

"அவுட்," என்றார் கோச்சம்மா.

வேலியோரம் ஸ்டீபன் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஏம்மா... வேணாம்மா," என்று போஜன் முனகினார்.

"என்னது?" என்றார் சற்குணம்.

"அவுட் சார். அடுத்தது போடுங்க."

சற்குணம் வலையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினார். ஈர மண்ணில் பந்து விழுந்த அடையாளம் கிண்ணம் போலப் பதிந்திருந்தது.

"இந்தா இருக்கு! கோட்டுக்கு உள்ள!"

"அது பழைய அடையாளம்."

"பழசா? இப்ப விழுந்ததுங்க!"

"பழசுதான் சார்."

"அடிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாதா? இந்த ஒரு அடிக்காக வருஷக்கணக்கா நாயாப் பாடுபட்டிருக்கேன். அதப் போய் அவுட்டுன்னு வாய் கூசாம..." சற்குணத்தின் காது இரண்டும் சிவந்து போயிருந்தன. "ஏய் போஜா! இங்க வா! நீ சொல்லு!"

போஜன் வந்தார். கால் வரவில்லைதான். ஆனால் கோட்டைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் குனிந்துவிட்டார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"சொல்லேன்யா!"

"கோட்டுக்கு வெளிய இருக்கிற மாதிரிதான்..." என்று இழுத்தார் போஜன். சொல்லிவிட்டு, அடி விழப்போகிறது என்பதுபோலக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"மாதிரியா? குருட்டுப் பயலே!"

போஜன் கண்ணைத் திறந்தார்.

"யாருடா குருடன்? நீ தேயிலைக்குள்ள அடிச்சதுக்கெல்லாம் உள்ள உள்ளன்னு சொன்னேனே, ஒவ்வொரு தடவையும் வயித்தெரிச்சலோட சொன்னேன்டா!"

"உன்னை யாரு சொல்லச் சொன்னா?"

"எனக்கு உள்ள மாதிரிதான் தெரியுது," என்று ஸ்டீபன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்.

"நீ வாய மூடு!" என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

அந்தச் சத்தம் பஜார் வரை கேட்டிருக்கும். கடைசியில் போஜன் கிளாஸிலிருந்த டீயைத் தரையில் கொட்டிவிட்டு, "ஞாயித்துக்கிழமை வாடா. ஒத்த பாயிண்ட் தர மாட்டேன்," என்று சொல்லிவிட்டு நடந்தார். ஸ்டீபன் சமாதானம் பேசிக்கொண்டே பின்னால் ஓடினார்.

பிறகு கோர்ட் அமைதியாகிவிட்டது. கோச்சம்மா மறுபடி பந்து பொறுக்கத் தொடங்கினார். சற்குணமும் குனிந்து ஒன்றிரண்டு எடுத்துப் போட்டார்.

"கோச்சம்மா."

"சொல்லுங்க."

"நான் நிஜமாவே போனவனா இருந்திருந்தா? சண்டை போட்டவங்களக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு சொல்றாங்களே. நீங்க அத நினைக்கலையா?"

"நினைச்சேன்."

சற்குணத்தின் கையிலிருந்த பந்து நழுவி உருண்டது. அவர் எடுக்கவில்லை.

"உண்மையச் சொல்லுங்க கோச்சம்மா. பந்து எங்க விழுந்தது?"

"தெரியாது சார். நான் பந்தப் பாக்கல. உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."