மண் ஆகாத செடிக்குத் தொட்டி தேடியது

ஏற்காட்டில் பிலோமினா டீச்சர் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவன் அர்த்தநாரி, நடுவில் சடையப்பன், கடைசி மாதேசு. மூவருமே கெட்டிக்காரர்கள் என்று அர்த்தநாரி சொல்வான். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். வினையெல்லாம் அதனால்தான் வந்தது.

டீச்சர் மகளின் பிரசவத்துக்குப் பெங்களூர் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு வந்து அவருடைய ஆர்கிட் செடியைத் தள்ளிவிட்டது. தொட்டி சுக்குநூறாகிவிட்டது. செடியும் ஊதா மொட்டுகளும் எப்படியோ தப்பின. கோடை விழா மலர்க்காட்சிக்கென்று டீச்சர் பொத்திப் பொத்தி வளர்த்த செடி அது. அர்த்தநாரி உடனே போன் போட்டான்.

"பதறாதீங்க, வேற தொட்டிக்கு மாத்திடுங்க," என்றார் டீச்சர். பின்னால் குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. "அதுக்கு மண்ணே ஆகாது. தொட்டியில ஓட்டை நிறைய இருக்கணும். ரொம்பப் பெருசா இருக்கக் கூடாது. உள்ள மரப்பட்டை, கரி, தேங்காய் மட்டை போடுங்க. வேருக்குக் காத்து வேணும். மொட்டு மட்டும் உதிர்ந்துச்சு, என் மூஞ்சியிலேயே முழிக்காதீங்க!"

போனை வைத்ததும் அர்த்தநாரி அலறினான். "மண்ணே ஆகாதாம்! தரையிலேர்ந்து தூக்குங்கடா!"

சடையப்பன் செடியை வாரியெடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். தன் காலில் மண் இருப்பது நினைவுக்கு வரவே பெஞ்சின் மேல் ஏறி நின்றான். மாதேசு ஓடிப்போய் ஒரு புதுத் தொட்டி கொண்டுவந்தான்.

"இது மண் தொட்டிடா," என்றான் அர்த்தநாரி.

"சுட்ட மண்ணுண்ணே."

"சுட்டா மண்ணு மண்ணில்லாமப் போயிடுமா? மாவைச் சுட்டா மாவு இல்லாமப் போயிடுமா?"

"போயிடுமே. தோசையாயிடுமே."

அர்த்தநாரி தொட்டியை முகர்ந்து பார்த்தான். "தோசையில வைக்கச் சொல்லி டீச்சர் சொல்லல," என்றான் கடைசியில். மண் தொட்டி திரும்பிப் போனது.

அடுத்தது ஓட்டை. மாதேசு சமையலறையிலிருந்து சல்லடையை எடுத்து வந்தான். ஓட்டை ஏராளம்தான். ஆனால் அதில் செடி நிற்கவில்லை, படுத்துக்கொண்டது. பெஞ்சின் மேலிருந்தே சடையப்பன் ஒரு வழி சொன்னான்.

"கிணத்தடியில அடி போன வாளி கிடக்கே. அதுல எல்லா ஓட்டையும் சேர்ந்து ஒரே ஓட்டையா ஆகியிருக்கு. அதைவிட நிறைய எங்கே கிடைக்கும்?"

அது நியாயமாகவே பட்டது. வாளியில் பட்டையைக் கொட்டினார்கள், கரியைக் கொட்டினார்கள். எல்லாம் அர்த்தநாரியின் பாதத்தில் கொட்டியது. மாதேசு அடியில் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டான்.

"ஓட்டையை அடைக்காதடா!"

கையை எடுத்தான். கொட்டியது.

கடைசியில் வெங்காயக் கூடை அகப்பட்டது. பிளாஸ்டிக் கூடை, சுற்றிலும் ஓட்டை, அளவும் கச்சிதம். அர்த்தநாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பட்டை, கரி, மட்டை எல்லாம் போட்டுச் செடியை நட்டார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். வேருக்குக் காற்று வேண்டுமே! மேசை விசிறியைக் கொண்டுவந்து கூடைக்கு நேராக வைத்து முழு வேகத்தில் ஓடவிட்டார்கள். கரித்தூள் கிளம்பியது. அது அடங்கியபோது மூன்று பேரும் அடுப்பிலிருந்து வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். கீழே ஒரு மொட்டு கிடந்தது.

அர்த்தநாரி அதை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மூக்கை உறிஞ்சினான். பிறகு கறுப்பு நூல் வாங்கிவரச் சொல்லி, மொட்டை அது இருந்த காம்பிலேயே கட்டினான்.

அப்போதுதான் மாதேசு கொல்லைப் பலாமரத்தைக் காட்டினான். "அண்ணே, டீச்சர் சொன்னதெல்லாம் அங்கேயே இருக்கு. பட்டை இருக்கு. சருகு கொளுத்தினப்ப கருகின பக்கம் கரி இருக்கு. மரங்கொத்தி போட்ட ஓட்டை இருக்கு. காத்தும் சும்மா வருது."

"ரொம்பப் பெருசா இருக்கக் கூடாதுன்னாங்களே?"

"பக்கத்துல சில்வர் ஓக் மரத்தைப் பாருங்க. அதுக்கு இது சின்னதுதான்."

"மரம் மண்ணுல நிக்குதேடா?"

"மரத்துக்கு மண்ணு ஆகும்ணே. செடிக்குத்தானே ஆகாது."

இப்படி ஒரு தம்பி கிடைத்ததற்காக அர்த்தநாரி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான். பலாமரத்தில் தேங்காய் மட்டையைப் பொருத்தி, அதன்மேல் செடியை வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். செடிக்கும் அந்த இடம் பிடித்துப்போயிற்று. நூலில் கட்டியதைத் தவிர மீதி மொட்டெல்லாம் விரிந்தன. அவ்வளவு அழகு! அர்த்தநாரி தினமும் அதன் கீழே நின்று, டீச்சர் வரட்டும் என்று சிரித்துக்கொண்டிருந்தான்.

காட்சியன்று காலையில் டீச்சர் பஸ்ஸிலிருந்து பேசினார். "பூத்திருக்கா? என் ராசா! நான் நேரா காட்சிக்கே வந்துடறேன். செடியைத் தொட்டியோட அப்படியே கொண்டாந்துடுங்க. தொட்டியிலேர்ந்து பிரிச்சீங்க, தொலைச்சுடுவேன்."

"உத்தரவு டீச்சர்," என்றான் அர்த்தநாரி. பிறகு தம்பிகளைப் பார்த்தான். சடையப்பன் கடப்பாரையை எடுக்கப் போனான். மாதேசு லாரிக்காரனைக் கூப்பிடப் போனான்.

மலர்க்காட்சி வாசலில் டீச்சர் காத்திருந்தார். வேர் ஒரு பக்கமும் கிளை ஒரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க, லாரி ஒன்று மெதுவாக வந்து நின்றது. ஜனங்கள் ஒதுங்கினார்கள். பலாமரத்தின் நடுவில் ஊதாப் பூக்கள், ஓர் இதழ்கூடக் கசங்காமல் ஆடின. டீச்சர் லாரியை ஒரு முறை சுற்றி வந்து பார்த்தார்.

அர்த்தநாரி குதித்து இறங்கி, வாயைத் துடைத்துக்கொண்டு கைகட்டி நின்றான்.

"செடியில நாங்க கையே வைக்கல டீச்சர். தொட்டிதான் பழுத்துடுச்சு. வர்ற வழியில கொஞ்சம் சாப்பிட்டோம்."